ஒரு சொல்லை எத்தனை தரம் கண்டால் மனதில் நிற்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பின்னேரங்களில் ஆங்கிலமும், சனி ஞாயிறுகளில் பெரியவர்களுக்குச் சிங்களமும் சொல்லிக்கொடுக்கிறேன். முக்கியமான கேள்விகள் பெரும்பாலும் வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கும்போதுதான் வரும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் தாய், அரச வேலை கிடைத்துச் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குப் படிக்கும் தம்பி, கணவரிடம் ஜேர்மனிக்குப் போகக் காத்திருக்கும் தங்கச்சி எல்லோருக்கும் கவலை ஒன்றுதான்: படித்த சொல் ஏன் நிற்குதில்லை? வாசலில் நின்று அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

சேர், சுத்தி வளைக்காமல் ஒரு எண்ணைச் சொல்லுங்கோ. எத்தனை தரம்?

பத்துத் தரம் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். ஆனால் அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

1978இல் சரகி, நேஷன், மைஸ்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள், ரஷ்ய மொழியிலிருந்து எடுத்த கொச்சைச் சொற்கள் நிறைந்த ஓர் ஆங்கில நாவலைச் சிலருக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். சொற்பரீட்சை வரும் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. பிறகு சோதித்துப் பார்த்தபோது, ஆறு தரமோ அதற்கு மேலோ வந்த சொற்களின் பொருள் பெரும்பாலானோருக்குப் பிடிபட்டிருந்தது. 2007இல் ஸ்டுவார்ட் வெப், ஜப்பானிய மாணவர்களுக்குப் புதுச் சொற்களை 1, 3, 7, 10 தரம் என்று வெவ்வேறு அளவில் காட்டினார். காட்டக் காட்ட அறிவு கூடியது. ஆனாலும் ஒரு சொல்லை எல்லா வகையிலும் சொந்தமாக்க 10 தரமும் போதாது என்பதுதான் அவர் கண்டது.

ஆறு என்றும் பத்துக்கு மேல் என்றும் ஏன் வேறுபடுகிறது? 'தெரியும்' என்று எதைச் சொல்கிறோம் என்பது வேறுபடுவதால்தான். கொழும்பு பஸ்ஸில் கொண்டக்டர் 'பஹின்ன, பஹின்ன' என்று கத்தினால், இறங்கச் சொல்கிறார் என்று நம் ஆட்களுக்கு உடனே விளங்கும். அதே ஆள் வெள்ளவத்தையில் தான் இறங்க வேண்டிய நேரத்தில் 'மம மெத்தனின் பஹினவா' என்று சொல்ல வாய் வராமல் அடுத்த தரிப்பிடம் வரை போய்விடுகிறார். காது அறிந்த சொல்லை நாக்கு இன்னும் அறியவில்லை. கேட்டு விளங்க ஆறு தரம் போதுமாக இருக்கலாம். நாக்கில் வர அதைவிடப் பலமடங்கு வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2019இல் உச்சிஹாரா, வெப், யனகிசாவா மூவரும் இந்த விஷயத்தில் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். எத்தனை தரம் சந்தித்தோம் என்பதற்கும் எவ்வளவு கற்றோம் என்பதற்கும் இடையில் இருந்த இணைவு 0.34 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). தொடர்பு இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அந்த எண்ணை வர்க்கித்தால் ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாட்டில் எண்ணிக்கை விளக்குவது சுமார் 12 வீதம்தான் என்று வருகிறது. மிச்சம் எல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வேறு இடம் எது என்பதுதான் இனி வரும் பதில்களில் நான் சொல்லப்போவது.

முப்பது வருஷமாகச் சிங்களம் கண்ணில் படுகுது. ஏன் ஒரு எழுத்தும் ஏறவில்லை?

சட்டைப் பையில் இருக்கும் ஆயிரம் ரூபாய்த் தாளை எடுக்காமல் பதில் சொல்லுங்கள். 'இலங்கை மத்திய வங்கி' என்று தமிழில் இருப்பது தெரியும். அதையே சிங்களத்தில் எப்படி எழுதியிருக்கிறது? 'ஸ்ரீ லங்கா மஹ பேங்குவ'. எத்தனை ஆயிரம் தரம் அந்தத் தாள் கையால் போய் வந்திருக்கும்! சவர்க்கார உறை, பிஸ்கற் பைக்கற், மருந்துப் போத்தல், பஸ் பலகை என்று நம் வீட்டிலும் தெருவிலும் சிங்களம் இல்லாத நாளே இல்லை. ஆனாலும் ஏறவில்லை, ஏனென்றால் அதை வாசிக்க வேண்டிய தேவை ஒரு நாளும் வந்ததில்லை. பக்கத்திலேயே தமிழ் இருக்கிறது. கண் அங்கே போய்விடுகிறது.

இது நம் சோம்பல் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1979இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர், தினமும் கையாளும் ஒரு சதக் குத்தியை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். முக்கியமான எட்டு அம்சங்களில் மூன்றளவைத்தான் ஆட்கள் சரியான இடத்தில் போட்டார்கள். பார்வை பட்டால் மட்டும் மனம் பதிந்துகொள்ளாது. 'இது எனக்கு வேண்டும்' என்று ஒரு தரமாவது தேட வேண்டும்.

என் வகுப்பில் முதல் கிழமை வீட்டுவேலை இதுதான்: பைக்கற்றில் தமிழ் இருக்கும் பக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டு சிங்களத்தில் ஒரே ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி வாசிப்பது. அதே பைக்கற்தான், அதே எழுத்துதான். ஆனால் அன்றைக்குத்தான் அது சந்திப்பாகக் கணக்கில் சேருகிறது.

ஒவ்வொரு சொல்லையும் முப்பது தரம் எழுதச் சொல்லி மகளுக்குக் கொடுக்கிறேன். சரிதானே?

ஒரு பிள்ளையின் கொப்பியை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'நெசசரி' என்ற ஆங்கிலச் சொல். நடுவில் ஒரு 'சி', பிறகு இரண்டு 'எஸ்'. முதல் ஆறு வரியும் சரி. ஏழாவது வரியில் ஒரு 'எஸ்' விழுந்துவிட்டது. எட்டாவதிலிருந்து முப்பதாவது வரை அத்தனை வரியிலும் ஒரே 'எஸ்'. எழுத்து வரவர வடிவாகிக்கொண்டு போகிறது, பிழை மட்டும் அப்படியே இருக்கிறது. பிள்ளை சொல்லைப் பார்த்து எழுதவில்லை, மேல்வரியைப் பார்த்து எழுதியிருக்கிறது. ஏழாவது வரியிலிருந்து 24 தரம் பிழையைப் பயின்றிருக்கிறது.

கையெழுத்துக்கும் புதிய எழுத்துருக்களைப் பழகவும் திருப்பி எழுதுவது உதவும். சொல்லை மனதில் வைக்க வேண்டுமென்றால் இப்படி மாற்றுங்கள்: பார், மூடு, மனதிலிருந்து எழுது, திறந்து சரிபார். ஒரு சொல்லுக்கு மூன்று தரம் போதும். மிச்சம் இருபத்தேழையும் நாளைக்கும் அடுத்த கிழமைக்கும் அடுத்த மாதத்துக்கும் பிரித்து வையுங்கள். அவ்வளவும் தேவைப்படாது.

மூடிவிட்டு நினைவுபடுத்துவதில் அப்படி என்ன இருக்கிறது? பார்த்துப் படித்தாலும் அதே சொல்தானே?

என் பார்வையில் இந்தப் பக்கம் முழுவதிலும் முக்கியமான கேள்வி இது.

2008இல் கார்பிக்கி, ரோடிஜர் என்ற இருவர் மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் ஒரு பகுதியினரை அதே சொல்லில் தொடர்ந்து கேள்வி கேட்டார்கள். இன்னொரு பகுதியினருக்குக் கேள்வியை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் விட்டார்கள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் முதல் பகுதியினருக்கு 80 வீதம் நினைவிருந்தது. மற்றவர்களுக்கு 36 வீதம். சொற்களும் அவைதான், எல்லோரும் அவற்றை ஒரு தரமாவது சரியாகச் சொன்னவர்கள்தான்.

இதற்குப் பெரிய செலவில்லை. எங்கள் வகுப்பில் செய்வது இது: பழைய கலண்டர் மட்டையைத் தீப்பெட்டி அளவிலும் சற்றுப் பெரிதாக வெட்டுவோம். ஒரு பக்கத்தில் தமிழில் ஒரு வசனம், அதில் ஒரு இடைவெளி: 'மழை பெய்ததால் விளையாட்டுப் போட்டியை அடுத்த கிழமைக்கு ______'. மறுபக்கத்தில் 'போஸ்ற்போன்'. வெறும் சொல்லுக்குச் சொல் எழுதுவதைவிட வசனம் நல்லது, எங்கே பயன்படும் என்பதும் கூடவே வந்துவிடும். மட்டையைத் திருப்ப முன்னர் மறுமொழியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடனே வராவிட்டால் பத்து வினாடி பொறுக்க வேண்டும். அந்தத் திணறல்தான் வேலை செய்கிறது. அவசரப்பட்டுத் திருப்பினால் அந்தத் தரம் வீண்.

பிறகு ஒரு சப்பாத்துப் பெட்டியில் ஐந்து தடுப்பு. புதுச் சொல் முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், பிழைத்தால் எந்த அறையில் இருந்தாலும் முதலாவதுக்குத் திரும்பும். முதல் அறை தினமும், இரண்டாவது இரண்டு நாளுக்கு ஒருக்கால், மூன்றாவது கிழமைக்கு ஒருக்கால், நான்காவது இரண்டு கிழமைக்கு ஒருக்கால், கடைசி மாதம் ஒருக்கால். பெட்டி முறையைப் பரப்பியவர் செபஸ்டியன் லைட்னர் என்ற ஜேர்மன்காரர், 1972இல். நாட்கணக்கு நான் வைத்துக்கொண்டது. நீங்கள் உங்களுக்கு ஏற்றபடி மாற்றலாம்.

இடைவெளி விட்டால் மறந்துவிடாதா?

கொஞ்சம் மறக்கத்தான் வேண்டும். அந்த மறதிக்குள் இருந்து இழுத்து எடுக்கும்போதுதான் சொல் வேர்விடுகிறது.

அமெரிக்காவில் ஹரி பாரிக் என்ற உளவியல் ஆய்வாளர் தன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார். நால்வரும் ஆளுக்கு 300 பிறமொழிச் சொற்களை வருடக்கணக்கில் படித்தார்கள். 1993இல் வெளிவந்த முடிவு இது: 56 நாளுக்கு ஒருக்காலாக 13 தரம் படித்தது, 14 நாளுக்கு ஒருக்காலாக 26 தரம் படித்த அளவுக்கு நிலைத்திருந்தது. பாதி உழைப்பு, அதே பலன். ஒரு குடும்பமே இத்தனை வருஷம் பொறுமையாக இருந்து நமக்கு இதைக் கண்டுபிடித்துத் தந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் மரியாதை வரும்.

பரீட்சைத் திகதி தெரிந்திருந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். செப்பேடாவும் கூட்டாளிகளும் 2008இல் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். திருப்பிப் படித்ததிலிருந்து 7 நாளில் பரீட்சை என்றால் முதல் படிப்புக்கும் திருப்புதலுக்கும் இடையில் 1 நாள் விடுவது நல்ல பலன் தந்தது. 35 நாளில் என்றால் 11 நாள். 70 நாளில் என்றால் 21 நாள். பரீட்சைக்கு முதல்நாள் இரவு விழித்திருந்து படிக்கும் பிள்ளைக்கு அடுத்த நாள் எழுத வரும், ஒரு மாதம் கழித்துக் கேட்டால் வராது. உயர்தரத்துக்குப் போகும்போது ஆங்கிலம் திரும்ப முதலிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

கதைப்புத்தகம் வாசித்தாலே சொல் சேரும் என்கிறார்களே?

சேரும். ஆனால் மெதுவாக, நிறைய வாசித்தால் மட்டும்.

வேரிங், தகாகி என்ற இருவர் 2003இல் ஜப்பானிய மாணவிகளுக்கு ஓர் எளிய ஆங்கிலக் கதையைக் கொடுத்தார்கள், அதில் 25 சொற்களை மாற்றிப் புனைசொற்களாக வைத்து. வாசித்து முடிந்த கையோடு பொருளைத் தாமாகச் சொல்லக் கூடியதாக இருந்தது சராசரியாக 25இல் 5க்கும் குறைவு. மூன்று மாதத்தின் பின் ஒன்றளவு. இதைக் கேட்டு மனம் தளரவேண்டாம். ஒரே ஒரு சின்னப் புத்தகத்தின் பலன் அது. அதே சொற்கள் அடுத்த புத்தகத்திலும் அதற்கடுத்ததிலும் வரும்போதுதான் கணக்குக் கூடும்.

எவ்வளவு கூட வேண்டும் என்று போல் நேஷன் 2014இல் கணித்தார். ஒரு சொல்லை 12 தரமாவது சந்திக்க வேண்டும் என்று வைத்தால், ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் இரண்டாவது ஆயிரம் சொற்களுக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் இலட்சம் சொல் நீளத்துக்கு வாசிக்க வேண்டும். ஒன்பதாவது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 30 இலட்சம். தொடக்கத்தில் உள்ளவருக்கு வாசிப்பு வேகமாகப் பலன் தரும், மேலே போகப்போக ஒவ்வொரு சொல்லும் அரிதாகிக்கொண்டே போகும். மட்டைப் பெட்டி அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது: வாசிப்பில் ஒரு தரம் வந்த சொல்லை நாமே திரும்பத் திரும்ப வரவழைக்கலாம்.

புத்தகம் தெரிவுசெய்ய ஒரு சின்ன அளவுகோல்: ஐம்பது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாத சொல் வந்தால் அது இப்போதைக்குக் கடினம். யாழ்ப்பாணப் பொது நூலகத்துச் சிறுவர் பகுதியில் வளர்ந்தவர்கள் இருந்து வாசிப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

நாடகம், கிரிக்கெற் பார்த்தால்?

ஒரே தொடரைத் தொடர்ந்து பார்த்தால் நல்லது. அதே வீடு, அதே சண்டை, அதே சொற்கள் திரும்பி வரும். இன்றைக்கு ஒன்று நாளைக்கு வேறொன்று என்று பார்த்தால் அப்படி வராது.

கிரிக்கெற் அதிலும் மேல். சிங்கள வர்ணனையைக் கேளுங்கள்: 'லகுணு' என்றால் ஓட்டம், 'கடுல்ல' விக்கெற், 'பந்துவ' பந்தேதான், 'ஹதரே பஹர' நான்கு, 'ஹயே பஹர' ஆறு. ஒரு போட்டியில் இவை நூறு தரம் வரும், ஒவ்வொரு தரமும் என்ன நடந்தது என்று கண் முன்னால் தெரியும். ஹதர, ஹய என்று எண்களும் கூடவே படிந்துவிடும். சிங்களம் தொடங்கும் பொடியன்களுக்கு நான் வேறு பாடம் தேடுவதில்லை.

அப்ப பாடமாக்குவது கூடாதா?

நான் அப்படிச் சொல்லவே இல்லை. காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடியே வளர்ந்தவர்கள் நாங்கள். பத்து வருஷம் பாடியது எழுபது வயதிலும் ஓசை பிசகாமல் வரும். அது ஓசையின் வலிமை. ஆனால் அதே பாட்டில் ஒரு சொல்லைத் தனியே எடுத்துப் பொருள் கேட்டால் பலருக்குத் தெரியாது. பாடும்போது பொருளைத் தேடவில்லை, அதனால் பொருள் சேரவில்லை.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிகண்டைச் செய்யுளாகப் பாடமாக்கினார்கள். அங்கே சொல்லும் பொருளும் ஒரே அடியில் கட்டுண்டு கிடக்கும், ஒன்றை எடுத்தால் மற்றது கூட வரும். ஆசிரியர் நடுவிலிருந்து கேட்பார், பிள்ளை சொல்ல வேண்டும். அது மூடிவிட்டு நினைவுபடுத்துவதேதான். நம் முன்னோரின் பாடமாக்கலில் இருந்த அந்தக் கேள்வி-மறுமொழியை விட்டுவிட்டு, திருப்பி எழுதுவதை மட்டும் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் மனவருத்தம்.

நிறங்கள் எல்லாம் ஒரு நாள், உடலுறுப்புகள் எல்லாம் ஒரு நாள் என்று படிக்கலாமா?

முதல் தரம் படிக்கும்போது வேண்டாம். ஒரே வகையான புதுச் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும், அப்படிப் படிக்கக் கூடுதல் முயற்சி தேவைப்படுகிறது என்று 1990களிலேயே காட்டியிருக்கிறார்கள். சிங்களத்தில் 'வம' இடது, 'தகுண' வலது. இரண்டையும் ஒரே நாளில் படித்தவர்கள் மாதக்கணக்கில் மாறி மாறித் திரும்புவதைக் கண்டிருக்கிறேன். 'தகுண' முதலில். அது உறுதியானதும் பத்து நாள் கழித்து 'வம'.

சில சிங்களச் சொற்கள் ஒரே தரத்தில் ஒட்டிக்கொள்கிறதே?

ஏனென்றால் அவை ஏற்கெனவே உங்களிடம் இருந்தவை. சப்பாத்து அங்கே 'சபத்துவ', துவாய் 'துவாய', அலுமாரி 'அல்மாரிய', வாங்கு 'பங்குவ'. பாண் பாண்தான். போர்த்துக்கேயர் இரண்டு பக்கத்துக்கும் விட்டுச்சென்ற சொற்கள் இவை. கடை 'கடே' ஆகவும், உரிமை 'உருமய' ஆகவும், முதலாளி 'முதலாலி' ஆகவும் நம்மிடமிருந்து போயின. இவற்றுக்கெல்லாம் ஒரு சந்திப்பே போதும். முதல் மாதம் இவற்றிலிருந்து தொடங்குங்கள், ஒரு கிழமையிலேயே அறுபது எழுபது சொல் கைக்கு வந்துவிடும்.

மூன்று மாதத்தில் ஜேர்மன் ஏ1. ஒரு நாளைக்கு எத்தனை சொல்?

கணவனோ மனைவியோ ஜேர்மனியில் இருந்து கூப்பிட்டால், பொதுவாக வர முன்னரே ஏ1 என்ற தொடக்கநிலைத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும் என்பது 2007இலிருந்து அங்குள்ள சட்டம். ஏ1 சொற்பட்டியலில் ஏறக்குறைய 650 சொல். கடைசி மூன்று கிழமைக்குப் புதுச் சொல் எடுக்காதீர்கள், தங்கச்சி. மிச்ச நாட்களில் நாளுக்குப் பத்து. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் பாலைக் காட்டும் 'டேர்', 'டீ', 'டஸ்' உடன் ஒரே மட்டையில் எழுதுங்கள், பிறகு சேர்க்க நினைத்தால் இரட்டிப்பு வேலை. புதுச் சொல்லுக்கு நேரம் இல்லாத நாளில்கூடப் பெட்டியை ஒருக்கால் பார்க்காமல் படுக்காதீர்கள்.

போனில் இதற்குச் செயலிகள் இருக்கே?

இருக்கின்றன, நல்லவை. ஆனால் நான்கு மறுமொழி தந்து ஒன்றைத் தொடச் சொல்பவையைவிட, மறுமொழியை நீங்களே சொல்ல விடுபவையைத் தெரிவுசெய்யுங்கள்.

முந்திப் படித்தது எல்லாம் போய்விட்டது. திரும்பவும் முதலிலிருந்தா?

இல்லை. 1885இல் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் உளவியல் ஆய்வாளர் தன்னையே சோதித்து மறதியை அளந்தபோது, அவர் அளந்தது திரும்பப் படிக்க எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்பதைத்தான். ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சமானது. 31 நாள் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. முழுதாக மறந்துபோனது என்று நினைக்கும் இடத்திலும் அடியில் ஏதோ கிடக்கிறது.

என் ஞாயிறு வகுப்புக்கு ஒரு ஐயா வருகிறார். இளமையில் கொழும்பில் கடையில் நின்றவர், 1983க்குப் பிறகு ஊரோடு. நாற்பது வருஷம் சிங்களம் வாயில் வரவில்லை. முதல் இரண்டு கிழமையும் ஒன்றும் பேசாமல் பின்வாங்கில் இருந்தார். மூன்றாவது கிழமை குறிகட்டுவான் இறங்குதுறையில், நயினாதீவுக்குப் போகும் தெற்கத்திய யாத்திரிகர் ஒருவர் அவருடைய மருமகனின் பனங்கட்டிக் கடையில் விலை கேட்டிருக்கிறார். மருமகன் கையால் காட்ட முன்னரே ஐயாவின் வாயிலிருந்து வந்துவிட்டது: 'எகக் தெசிய பனஹய்', ஒன்று இருநூற்றைம்பது. அடுத்த ஞாயிறு அவருக்கு முதல் அறை தேவைப்படவில்லை. மூன்றாவது அறையிலிருந்து தொடங்கினோம்.